தொண்ணூற்றில் நாற்பத்து மூன்று

கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி இல்லை.
இருப்பதாகச் சொல்லித்தான்
கிர்காவ் வாடேகர் கிளினிக்கில்
மூன்றாவது தடவையாக டோக்கன் வாங்கினேன்.

காத்திருக்கும் அறையில்
மீன்தொட்டிக்கு மேல் அந்தப் படம்.
பார்த்ததும் தெரிந்தது, அந்த இத்தாலிக்காரருடையது.
ஆளில்லாத சதுக்கம்.
வளைவு வளைவாக ஒரு தாழ்வாரம்.
படுத்திருக்கும் கற்சிலை.
மதிலுக்குப் பின்னால் ரயில்,
புகை மட்டும் தெரிய.
கடிகாரம் ஒன்றரை என்கிறது.
நிழல்கள் ஐந்தரை மணி நீளத்துக்குக் கிடக்கின்றன.
யார் பொய் சொல்கிறார்கள் என்று
இத்தனை காலமாக ஒருவரும் விசாரிக்கவில்லை.

கீழ் ஓரத்தில் பென்சிலில் 43/90.
அதைப் பார்த்த அன்று
எனக்கு மரத்துப்போக ஊசி தேவைப்படவில்லை.

என்னிடம் பதினோரு உருப்படிகள்.
கப்பல் கம்பெனி நாட்காட்டியில் கிழித்தவை இரண்டு.
முத்திரை விழுந்த தபால்தலை ஒன்று.
ஏலப் பட்டியலின் பக்கங்கள், சில.
சோர் பஜாரில் இத்ரீஸ் பாய்
"இத்தாலி சர்ச்கேட்" என்று சொல்லி விற்ற அட்டை.
அசல் கல்லச்சு ஒன்றே ஒன்று:
உள்ளங்கையளவு,
முகமில்லாத தையற்கடைப் பொம்மை உட்கார்ந்திருப்பது.
அதற்காக வைப்பு நிதியில் கடன் போட்டேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
'வீட்டுச் சுவர்' என்று எழுதினேன்.
முழுப் பொய்யும் இல்லை.

ஏன் இவர் என்று கேட்பவர்கள்
ஞாயிறு நாலு மணிக்கு பல்லார்ட் எஸ்டேட் வாருங்கள்.
கஸ்டம்ஸ் ஏஜெண்டுகள் இல்லை, வடாபாவ் வண்டி இல்லை.
வளைவுகளுக்கு அடியில் ஒரு நாய்
தன் நிழலைவிடச் சிறியதாக.
ஆறு நாளும் என்னைத் திட்டுகிற தெரு அது.
ஏழாம் நாள்
என்னைத் தெரியாதது போல நிற்கும்.

மழைக்காலத்தில் செம்பூரில் சுவரே வியர்க்கும்.
ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலங்களை
ஆபீஸ் முழுக்க எனக்காகச் சேர்க்கிறார்கள்.
ஜூனிலிருந்து செப்டம்பர் வரை
கட்டிலில் என் பக்கம் படங்கள் படுக்கும், நான் தரையில்.
"நிழலுக்கு வாடகை வாங்கு" என்பாள் வசுமதி.

நாலாவது தடவை கேட்டேவிட்டேன்,
வாய் நிறையப் பஞ்சோடு.
டாக்டர் வாடேகர் துளைக்கருவியை நிறுத்தி
"எந்தப் படம்?" என்றார்.
இருபத்திரண்டு வருடமாக அதைத் தாண்டிக்
கை கழுவப் போனவர்.
"ஓ, அதுவா. முன்னால் இங்கே இருந்த டாக்டருடையது.
எடுத்துக்கொள்ளுங்கள்.
பல்லையும் எடுத்துவிடலாமா?"

இரண்டையும் எடுத்தோம்.

கன்னம் வீங்க, சட்டத்தை மடியில் நிறுத்தி
டாக்சியில் சுன்னாபட்டி சிக்னல் வரை
நானும் அந்தச் சதுக்கமும் ஒரே வெயிலில் இருந்தோம்.
இரவு லென்சை வைத்தேன்.
புள்ளி. புள்ளி. புள்ளி.
நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு.
பத்திரிகையில் நடிகையின் கன்னத்தில் இருக்குமே, அதே புள்ளிகள்.
போஸ்டர்.

பென்சில் மட்டும் அசல்.
யாரோ ஒருவர் கூராகச் சீவி
நாக்கைக் கடித்துக்கொண்டு
நாற்பத்து மூன்று என்று முடிவு செய்திருக்கிறார்.
ஏன் ஏழு இல்லை?
ஏன் எண்பத்தெட்டு இல்லை?
வரைந்தவரே முதுமையில்
தன் பழைய படங்களைத் தானே திரும்ப வரைந்து
பின்தேதி போட்டாராம்.
பிடிக்காமல் போனவற்றைப் போலி என்றாராம்.
அவர் கணக்கில் இது கொஞ்சம் அசல்தான் என்றேன்.
வசுமதி வெந்நீரில் உப்புக் கரைத்து நீட்டினாள்.
பேசாமல் கொப்பளிக்கச் சொன்னாள்.

தையல் பிரிக்கப் போன சனிக்கிழமை.
மீன்தொட்டிக்கு மேல்
சுவரெல்லாம் பழுப்பு,
நடுவே படமளவுக்கு ஒரு வெள்ளை.
ஜன்னல் வெயிலில் ஆணியின் நிழல் மட்டும்
அதில் சாய்ந்து நீண்டு
ஏதோ ஒரு மணியைக் காட்டிக்கொண்டிருந்தது.
என் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.
பக்கத்திலிருந்தவரை முன்னால் போகச் சொன்னேன்.
அவருக்கு அடுத்தவரையும்.