முள்

நாரினுக்கும் டுலூத்துக்கும் குளிர்காலத்தில்
சரியாகப் பன்னிரண்டு மணி நேரம்.
கைக்கடிகாரத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.
விமானம் இறங்கியபோது மணி ஆறு.
அங்கேயும் ஆறு.
இங்கே இருட்டி வெகுநேரம்.
அங்கே அய்ஜமால் அடுப்புக்கு
முதல் வாளி நிலக்கரியை அள்ளிக்கொண்டிருப்பாள்.

இருபத்தேழு மாதம் என்று சொல்லிப் போனவள்
பதினோராம் மாதம் வந்துவிட்டேன்.
போர் இல்லை. பூகம்பம் இல்லை.
எந்தக் காய்ச்சலும் படுக்கவைக்கவில்லை.
படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்,
அஞ்சல்தலை அளவு.
'சொந்தக் காரணம்' என்று எழுதினேன்.
இரண்டாம் சொல் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

என் அறையில் வேறொரு பெண் இருக்கிறாள்.
பாஹூவா, செவிலியர் படிப்பு,
அடுத்த ஜூன் வரை வாடகை கொடுத்தாயிற்று.
நான் வேண்டுமானால் மாறிக்கொள்கிறேன் என்கிறாள்.
அவள்மேல் பிழையில்லை,
சொன்ன தேதிக்கு முன்னால் வந்து நிற்பவள் நான்தான்.
நிலவறையில், கொதிகலன் பக்கத்தில் எனக்குக் கட்டில்.
இரவெல்லாம் அது முணுமுணுக்கிறது.
கிர்கிஸ் பேச்சையாவது
பாதி புரிந்துகொள்வேன்.

மளிகைக் கடையில் திருமதி லுண்ட்கிஸ்ட்:
"அதற்குள்ளாகவா? எப்படி இருந்தது?"
பதிலுக்கு அவர் ஒதுக்கியது
மூன்று தக்காளி எடைபோடும் நேரம்.
"குளிர்" என்றேன்,
டுலூத்தில் நின்றுகொண்டு.
இருவரும் சிரித்தோம்.

அப்பா ஒன்றும் கேட்பதில்லை.
பனி தள்ளும் மண்வாரியை எடுத்து நீட்டுகிறார்.
வாசல்முழுக்கத் தள்ளுகிறேன்.
மறுநாள் காலை மறுபடியும் வாசல் முழுக்க.

கைகழுவக் குழாய்கள், கணக்குப்படி பதினொன்று.
நான்கு முடிந்தன.
ஐந்தாவது ஜனவரியில் உறைந்து வெடித்தது.
அதனால்தான் கிளம்பினேன் என்றால் எல்லோரும் நம்புவார்கள்.
இரண்டு பேரிடம் சொல்லியும் பார்த்தேன்.
உண்மை அதைவிடச் சின்னது.
ஒரு காலையில் காலுறை மாட்ட உட்கார்ந்தவள்
மதியம்வரை எழவில்லை,
ஒரு காலில் உறை,
மற்றதைக் கையில் பிடித்தபடி.

இலியாஸ் கேட்டான், ஏழு வயது:
"எஜே, எங்க தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்கா,
அதனாலயா போறீங்க?"
ஆமாம் என்றிருக்கலாம்.
இல்லை என்றேன்.
அடுத்த கேள்விக்குள் வண்டி வந்துவிட்டது.

பத்து நாள் கழித்துக் கோட்டுப் பையில் ஒரு சாவி.
சிகாகோவில் சோதனைத் தட்டில் போட்டு எடுத்தபோதும்
வீட்டுச் சாவி என்றே நினைத்திருந்தேன்.
பள்ளிக்கூடச் சரக்கறையுடையது.
மிச்சக் குழாய், இணைப்புகள், நாடாச் சுருள்,
நான் அளந்து கோடு போட்ட தாள்கள்,
எல்லாம் உள்ளே.

அய்ஜமாலுக்கு எழுதினேன்:
தபாலில் அனுப்புகிறேன், மன்னித்துவிடு.
மூன்றாம் நாள் பதில் வந்தது:
"வேண்டாம். பூட்டை உடைத்துவிட்டோம்.
பழைய பூட்டுத்தானே."

அந்தப் பூட்டை வாங்கியது நான்.
நவம்பரில்,
சந்தையில் அவளே பக்கத்தில் நின்று
எனக்காக விலை பேச,
எண்ணெய்த் தாள் சுற்றிய புத்தம்புதுப் பூட்டு.

மார்ச் இரண்டாம் ஞாயிறு
அப்பா நாற்காலியில் ஏறி
சமையலறைக் கடிகாரத்தின் முள்ளை
ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்.
"உன்னுடையதையும் மாற்றிக்கொள்."
சரி என்றேன்.

திங்கட்கிழமை
மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முதல் நாள் வேலை.
ஏழு மணிக்கு நிற்கச் சொல்லியிருந்தார்கள்.
என் மணிக்கட்டு ஏழு காட்டியபோது போய் நின்றேன்.
சுவரில் எட்டு.
சீக்கிரம் வந்துவிட்டவள் என்ற பெயர்
அன்றோடு தொலைந்தது.

மேற்பார்வையாளர் நீட்டிய தாளிலும் ஒரு கட்டம்.
தாமதத்துக்குக் காரணம்.
'கடிகாரம்' என்று எழுதினேன், இடம் மிஞ்சியது.
சரிசெய்துகொண்டாயா என்று அவர் கேட்கவில்லை.
ஈரத் துணிகள் நிறைந்த வண்டியைக் காட்டினார்.
தள்ளத் தொடங்கினேன்.
அங்கே ஏழு ஆகப்போகிறது என்று
யாருக்கும் சொல்லவில்லை.