வெளுப்பு நாள்

வானொலி சொல்லி முடித்ததும்
நீ அதன் காதைத் திருகினாய்.
அலமாரியின் அடித்தட்டிலிருந்து
கல்யாணத்துக்கு வந்த விரிப்பை எடுத்தாய்.
மூலையில் சிவப்பு நூலில்
உன் முதலெழுத்தும் அப்பாவின் முதலெழுத்தும்
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்குமே, அதை.

ஈரமே இல்லையே அம்மா, என்றேன்.
ஈரம் உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, என்றாய்.
மாடிச் சன்னலில் தொங்கவிட்டு
இன்று ஊருக்கே வெளுப்பு நாள் என்றாய்.

வெளுத்ததெல்லாம் பால் எனக்கு.
ஐந்து வயது.

ப்ரியெதோரில் எங்கள் சந்தில் பதினொரு வீடு.
ஏழில் வெள்ளை. நான்கில் வெறும் சன்னல்.
அந்த நான்கு வீட்டுக்காரர்களை நினைத்து
எனக்குப் பாவமாக இருந்தது,
துவைக்கத் தெரியாதவர்கள்.
எதிர்வீட்டு ஸ்லாவோய்க்காவிடம் கத்தினேன்:
அத்தை, உங்களிடம் விரிப்பு இல்லையா?
எங்களிடம் இன்னொன்று இருக்கிறது, தரட்டுமா?

அவள் கையில் கிளிப்புகள்.
கொடியில் அவள் பையனின் உள்பனியன்கள்.
ஒவ்வொன்றாக, காயாமலே,
எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
அதற்குப் பிறகு அந்தக் கொடியில்
நான் எதையும் பார்க்கவில்லை.

அன்று மாலை கத்தரிக்கோல்.
வெளியே போகிறவர்கள் கையில்
வெள்ளைத் துணி கட்ட வேண்டுமாம்.
விரிப்பின் மூலையை வெட்டி
அப்பாவின் எழுத்து மட்டும் வரும்படி
அவர் புஜத்தில் கட்டினாய்.
எனக்கு, என்று அழுதேன்.
மிச்சத்தில் ஒரு கீற்று கிழித்து
தலையில் பூப்போல முடிந்துவிட்டாய்.
அப்பா குனிந்து எனக்கு சலாம் வைத்தார்,
ஏதோ ராணி போல நான் நடந்தேன்,
கூடத்துக்கும் சமையலறைக்கும்.

சனிக்கிழமை பெயர்ப்பட்டியலோடு வந்தார்கள்.
சோப்பு தீர்ந்துவிட்டது,
அப்பா வாங்கப் போகிறார், என்றாய்.
ஊரே வெளுத்தால் தீராமல் என்ன செய்யும்?
அவ்வளவு ஆண்களும் சோப்பு வாங்கத்தான்
வரிசையாகப் போனார்கள்.
கையை ஏன் பிடரியில் வைத்திருக்கிறார்கள்?
வெயில், என்றாய்.

சன்னலில் எக்கிக் கூவினேன்:
மஞ்சள் சோப்பு அப்பா, எலுமிச்சை வாசம் வருமே அது!
துப்பாக்கிக்காரன் ஒருவன் சிரித்தான்.
அப்பாவால் கையசைக்க முடியவில்லை.
தலையை மட்டும் அசைத்தார்.
சரி, என்று.

*

நார்ஷெப்பிங்கில், பதின்மூன்று வயதில்,
பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றில் எங்கள் சந்து.
ஏழு வெள்ளையும் எண்ணினேன்.
வீட்டுக்கு வந்து உன்னிடம் கத்தினேன்.
என்னைக் கூவவிட்டாயே,
சோப்பு சோப்பு என்று கூவவிட்டாயே!
நீ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாய்.
அந்த ஐந்து இரவும் நீ தூங்கினாய், என்றாய்.
வேறொன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, வெகுகாலம்.

பிறகு ஒருநாள் தொலைபேசி.
ரத்தப் பரிசோதனை பொருந்துகிறதாம்.
நிதானமான ஒரு பெண்குரல்
பொருட்களின் பட்டியலை வாசித்தது:
பெல்ட் கொக்கி, ஒரு சாவி,
வலது புஜ எலும்பருகே துணித்துண்டு,
அதில் சிவப்பு நூலில் ஓர் எழுத்து.

எல்லாம் தெரிந்தே வெட்டியிருக்கிறாய்.
இப்படி ஒரு பெண் இப்படி ஒரு பட்டியலை
என்றோ வாசிப்பாள் என்று தெரிந்தே
அந்த மூலையை எடுத்திருக்கிறாய்,
வெட்டும்போது என்னைப் பார்த்துக்
கண்ணடித்துக்கொண்டு.

விரிப்பின் மிச்சம் இன்னும் உன்னிடம் இருக்கிறது,
மூலையில் உன் எழுத்து மட்டும்.
புதைக்குமுன் அந்தத் துண்டை
அலசித் தரட்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம் ஹஸ்னியா, என்று
உன் பெயரை நீயே சொல்லிக்கொண்டாய்.
என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது
கீழ்த்தளச் சலவையறைப் பதிவேட்டில்,
வியாழன், ஆறிலிருந்து ஒன்பது,
நம் பெயருக்கு எதிரே
பக்கத்து வீட்டார் பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
வரவில்லையா?