மேல்வரிசை, இடது இரண்டு

பகலில் பல் செய்கிறேன்,
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு லேப்பில்.
மேலே பஸ் போனால்
மேசையில் முப்பது தாடைகள்
கிடுகிடுவென்று ஆடும்.

யார் வாய் என்று தெரியாது.
அச்சின் அடியில் பென்சிலில் ஒரு பெயர்,
வயது, ஊர், எந்தப் பல்.
முகம் எங்களிடம் வருவதில்லை.

இரவில் முகம் செய்கிறேன்.
பாலிமர் களிமண்ணில், கேக்கின் மேல் நிற்க,
ஏழு சென்டிமீட்டருக்குள் ஒரு ஆள்.
அதே மெழுகுக் கத்தி, அதே ஊசி,
ஸ்பிரிட்டில் இரண்டு தடவை துடைத்தபின்.

மண் என்கிறோம், மண் இல்லை.
நனையாது. காற்றில் காயாது.
ஒரு வாரம் மறந்துபோனாலும்
விட்ட இடத்தில் அப்படியே இருக்கும்,
பிடிவாதக்காரி.
உள்ளங்கைச் சூட்டில் பத்து நிமிஷம் பிசைந்தால்தான்
பேச்சுக்கு வரும்.
வெள்ளையைத் தொடும் நாளில்
நைட்டிகூட மாற்றிக்கொள்வேன்.
ஒரு நூலிழை போதும்,
கன்னத்தில் மயிர் முளைத்துவிடும்.

ஆர்டர் சலாலாவிலிருந்து.
டார்வின் என்று பெயர். நாலு படம், ஒரு குரல்:
"அக்கா, பச்சைப் பட்டு. கொண்டையில பிச்சிப்பூ.
என்ன வைக்க வேண்டாம், நான் அங்க இல்லல்லா.
அவ பல்லு தெரிய சிரிக்க மாட்டா,
வாய் மூடுன மாதிரியே போதும், கேட்டியளா."
பின்னால் யாரோ இந்தியில் டீ கேட்டார்கள்.

மூன்று படத்தில் வாய் பூட்டியிருந்தது.
நாலாவதில், ஏதோ கல்யாணப் பந்தியில்,
பொத்த வந்த கைக்கு முன்னால்
சிரிப்பு வந்துவிட்டது.
மேல்வரிசை, இடது இரண்டு: இல்லை.
பக்கத்துக் கோரைப்பல் கொஞ்சம் திரும்பி
ஜன்னலோரம் சாய்ந்து தூங்கும் பயணி மாதிரி.

எனக்கு அந்தப் பயணியைத் தெரியும்.
மூன்று வாரமாகத் தெரியும்.
விஜிலா, 34, கருங்கல்.
நிறம் சேரவில்லை என்று
மூன்று தடவை திருப்பிச் சுட்ட பல்.
செவ்வாய்க்கிழமைதான் டப்பாவில் போட்டு
கிளினிக்குக்கு அனுப்பினேன்.

அவனிடம் அவள் சொல்லவில்லை.

அலுமினியத் தாளைக் கசக்கி உடம்பு.
கம்பியில் கழுத்து.
கொசுவத்துக்குப் பச்சையைத் தேய்த்துத் தேய்த்து
வெற்றிலையை விட மெல்லிசாக்கினேன்.
பிச்சிப்பூ என்பது
ஊசி முனையால் நாற்பது குத்து.
எல்லாம் முடிந்து வாய் மட்டும் பாக்கி.

ஏழு சென்டிமீட்டரில் பல் கிடையாது.
நான் படித்த முப்பத்திரண்டும்
இந்த அளவில் ஒரு வெள்ளைக் கோடு.
உதட்டைக் கீறி, கொஞ்சம் திறந்து,
கோட்டை வைத்துப் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
எடுத்துவிட்டேன்.
வீடியோ காலில் கேக் வெட்டும்போது
அவளாகத் திறக்கவேண்டிய வாய்.

ஆனால் மூடும் முன்னால்
கடுகில் கால்பங்கு வெள்ளை,
இடது பக்கம், இரண்டாவது இடம்.
வைத்து, உதட்டை இழுத்து அடைத்தேன்.
மேலுதடு ஒரு மயிரளவு புடைத்தது.
தேய்க்காமல் விட்டேன்.

நூற்றிமுப்பது டிகிரி, இருபத்தைந்து நிமிஷம்.
பதினெட்டில் கரண்ட் போனது.
மழை பிடித்தால் எங்கள் லைன் அப்படித்தான்.
கதவைத் திறக்காமல்
இருட்டில் அவன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.
நாக்கு தன்பாட்டுக்கு
என் பல்லை எண்ணிக்கொண்டிருந்தது.
கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து.
இரண்டாம் சூட்டுக்குக் கோபப்படாது இந்த மண்,
அந்த ஒரு நல்ல குணம்.

காலையில் உண்ணாமலைக்கடை பேக்கரி.
பையன் பெட்டியைத் திறந்து பார்த்தான்.
"கொள்ளாம்," என்றான். "தின்னலாமா?"
தின்னக் கூடாது என்று சீட்டு எழுதி
பெட்டிக்குள் ஒட்டினேன்.
பென்சில் கையில் இருந்தது.
பழக்கதோஷம்.
அவளைக் கவிழ்த்து, பாதத்துக்கு அடியில்
பெயரும் ஊரும் எழுதினேன்.

வயதை எழுதவில்லை.