மாடிப்படியில் கேட்டது

துரோம்சோவில் ஜனவரி.
சூரியன் ஊரைவிட்டுப் போய் ஆறு வாரம்.
காலை ஏழு மணிக்கு, என் வீட்டில் மட்டும்,
சுவிட்சைத் தட்டினால் பொழுது விடிகிறது.

ஆகுர்க் ஒரு பக்க இறக்கையை நீட்டிச் சோம்பல் முறிக்கிறான்.
வெள்ளரிக்காய் என்று பெயர் வைத்தவள் நான்தான்.
வெள்ளையும் சாம்பலுமாய்க் கிடக்கும் ஊரில்
இத்தனை பச்சையை வேறெப்படிக் கூப்பிட?
அலகு மட்டும் மிட்டாய் ஆரஞ்சு.

முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு கரண்டி.
வேகவைத்து ஆறிய சர்க்கரைவள்ளி.
காம்போடு ஒரு சிவப்பு மிளகாய்:
விதைகளை நாக்கில் உருட்டி உருட்டித் தின்கிறான்,
காரம் என்ற சேதியே அவனை எட்டவில்லை.
மாதுளை பாதி. ஒரு பழத்தின் விலையில்
எனக்கு இரண்டு நாள் மீன் வரும்.
மூன்றில் ஒரு பங்கு அவன் வயிற்றுக்கு,
மிச்சம் சுவருக்கு.

"நீளமான குடல். சத்து மாத்திரை வேண்டாம்.
அவகாடோ வாசல்படி தாண்டக்கூடாது"
என்றார் மருத்துவர் ரங்ஃப்ரீத்.
அன்றே விட்டேன் அவகாடோவை.
ஒரு மனிதரை விட்டபோது இத்தனை சுலபமில்லை.

தின்று முடித்ததும் தொடங்குவான்.
துறைமுகக் கிரேனின் பல்சக்கரம் வழுக்குகிற சத்தம்.
கோபமில்லை, பசியில்லை:
நான் இங்கே, நீ எங்கே?
காட்டில் அது மலை தாண்டிப் போகவேண்டிய கேள்வி.
இங்கே சுவரின் கனம் ஒரு சாண்.

அக்டோபரில் கீழ்வீட்டு ஹால்ஸ்டைன்
நீல மையில் எழுதி, கதவிடுக்கில் செருகினார்:
"ஒன்று அந்தப் பறவை, இல்லையென்றால் நான்."
அது இன்னும் குளிர்பெட்டியின் மேல், காந்தத்தின் கீழே.

ஒருமுறை நானும் பதிலுக்குக் கத்தினேன்.
பூரித்துப்போனான்.
அட, இவளுக்கும் வருகிறதே!

பிறகு வேறு வழி.
கத்தும்போது ஓடினால் அது கத்தலுக்குக் கூலி.
குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன், மூச்சை எண்ணிக்கொண்டு.
முதல் மௌனம் மூன்று நொடி;
அதற்குள் பாதாம் ஒன்றோடு போய்ச் சேர்ந்தேன்.
பிறகு ஐந்து. பிறகு பத்து.
தாழ்ந்த குரலில் ஒரு சீட்டி பழக்கினேன், இரண்டே சுரம்:
இப்படிக் கேள், பதில் உண்டு.
டிசம்பருக்குள் கட்டடம் அடங்கியது.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

அந்தச் செவ்வாய், பெரிய இயந்திரம் பழுது.
பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள்.
வெளியே நீலமான நண்பகல்.
ஹால்ஸ்டைன் கதவுக்கு நாலு படி கீழே நின்றுவிட்டேன்.

மேலே கிரேன்.
அவர் சமையலறைக் காற்றுக்குழாயின் பக்கமிருந்து ஒரு சீட்டி.
என் சீட்டி. அதே இரண்டு சுரம்,
பொய்ப்பற்களின் இடுக்கில் காற்று ஒழுக.
மேலே நிசப்தம்.
பிறகு அவன், பொய்ப்பல் காற்றையும் சேர்த்து,
அப்படியே திருப்பி ஊதினான்.

"ஆமாம், ஆமாம்," என்றது கீழ்வீடு,
"இங்கேதான் இருக்கேன்."

ஓசைப்படாமல் இறங்கினேன்.
வாசல் கதவை இரண்டாம் முறை அறைந்து சாத்தி,
பனியை உதறப் பூட்ஸைப் பலமாய்த் தட்டி,
தேவையில்லாமல் இருமி, ஏறிவந்தேன்.
ஹால்ஸ்டைன் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.
"இன்றைக்கும் சத்தம்," என்றார்.
"மன்னிக்கணும்," என்றேன்.
"ம்," என்று சாத்திக்கொண்டார்.

மாதுளையின் மறுபாதியை
அவர் மிதியடி மேல் வைத்துவிட்டு வந்தேன். சீட்டு எதுவும் எழுதவில்லை.
மறுநாள் காலி ஓடு என் மிதியடி மேல்,
ஒரு முத்தும் மிச்சமில்லாமல்.

இரவு ஏழு மணிக்குப் பொழுதை அணைக்கிறேன்.
இருட்டிலிருந்து ஒரே ஒரு தடவை, கேள்வி.
என் உதடு குவிந்தபடி நிற்கிறது.
காற்றுக்குழாயில் காதை வைத்து,
இப்போது யார் முறை என்று பார்க்கிறேன்.