ஒரு நூல் இடைவெளி

பதினொரு வருடம் நான் பார்த்த வேலையில்
முதல் பிழைதான் கடைசிப் பிழை.
குந்தியிருந்து, முகத்திரைக்குள்
என் மூச்சையே நான் குடித்துக்கொண்டு
நாளொன்றுக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
சிவப்புத் தடிக்கு அங்காலே கால் வைப்பதில்லை.
அவசரம் என்ற சொல்லே
எங்கள் துண்டுக்குள் கிடையாது.

சித்திரையில் காசு நின்றது.
தருகிற நாட்டுக்கு வேறெங்கோ புதுச் சண்டை.
தலைக்கவசம், றேக், முகத்திரை
எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வைத்தேன்.
தேய்ந்த முழங்கால் இரண்டையும்
அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை.

ஒட்டுசுட்டானில் மச்சாள் யோகறஞ்சிக்கு
கச்சான் உடைத்து உடைத்துப்
பெருவிரல் நகம் கறுத்துக் கிடந்தது.
அதைப் பார்த்துத்தான் தொடங்கினேன்.
கையால் சுற்றுகிற மெசின், கரண்ட் வேண்டாம்.
லோன் படிவத்தில் இதைவிடப் பெரிய காரணம் எழுதினேன்.
அது பொய்.

மாங்குளத்தில் டினோஜனின் வெல்டிங் பட்டறை.
மூன்று மாதம் அளந்தேன்.
உருளைக்கும் சல்லடைக்கும் நடுவே எவ்வளவு?
ஒவ்வொரு துளையாய் விரலால் தடவினேன்,
கீழே ஏதோ கிடப்பதுபோல.
இருபத்துமூன்று வயதுப் பெடியன்
பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அக்கா, இது வெடிக்காது.
உடைஞ்சா கச்சான்தான் உடையும்.
சுத்துங்கோ."

சுற்றினேன்.
பாதிக்குமேல் நொறுங்கி
மாவாய் விழுந்தது பருப்பு.
எனக்குள் விசில் ஊதியது.
எல்லோரும் நின்ற இடத்தில் நிற்கவேணும்,
வந்த அடியில்தான் திரும்பவேணும்.
நான் நின்றேன்.
ஒரு நாய் வந்து
நொறுங்கலை முகர்ந்துவிட்டுப் போனது.
டினோஜன் "பிழைச்சுப்போச்சு" என்று
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

பிழை விட்ட பிறகும்
பின்னேரம் வீட்டுக்குப் போய்
சோறு வடிக்கலாம் என்பது
நாற்பத்தொரு வயதில் எனக்குப் புதுச் செய்தி.

இரண்டாவதில் இடைவெளி கூடிப்போய்க்
கச்சான் முழுசாய் விழுந்தது, சிரித்துக்கொண்டு.
மூன்றாவது நன்றாய் உடைத்தது.
யோகறஞ்சி நாலுதரம் சுற்றிவிட்டு
ஓரமாய்த் தள்ளி வைத்தாள்.
நின்று சுற்றுகிற உயரம் வைத்திருந்தேன்,
பதினொரு வருடம் குந்தியிருந்த கோபத்தில்.
அவளோ நிலத்தில் காலை நீட்டி
மடியில் பிள்ளையைக் கிடத்தி உடைப்பவள்.
என் முழங்காலுக்குச் செய்திருக்கிறேன்,
அவள் கைக்கில்லை.

"காலை வெட்டினாச் சரி" என்றான் டினோஜன்.
மெசினின் காலைத்தான் சொன்னான்.
எனக்குச் சுகந்தினி நினைவு வந்தாள்,
ஏழாம் துண்டு, காலை ஒன்பதரை மணி.
கட்டர் இரும்பைத் தொட்டபோது
வெளியே போய் நின்றேன்.

அதற்கு 'வைகறை' என்று பெயர் வைத்து
நீலத்தில் எழுதவும் செய்தேன்.
சனம் கேட்பது "மிதிவெடி அக்காட மெசின்".
இதுவரை ஏழு விற்றிருக்கிறேன்.
இரண்டுக்குப் பாதிக் காசு, பாதிக்குக் கச்சான்.
ஒன்று முழுக் கடன்.
முழங்காவில் ஆள், முகவரிகூட வாங்கவில்லை.
நிலத்தையே நம்பாதே என்று பழகின கை
எப்படிக் கொடுத்ததோ தெரியாது.

இப்போது மாரி.
ஈரக் கச்சான் தோலாய் வளைகிறது, உடைய மாட்டுதாம்.
காலையில் மூன்று போன்.
லீசிங்காரன் நாலாவது.
பட்டறைத் தகரத்தில் மழை கொட்ட
எட்டாவதைக் கவிழ்த்துப் போட்டு
ஒரு நூல் குறைத்துப் பார்ப்போம் என்கிறேன்.

"சரிவருமோ அக்கா?"

கொப்பியைத் திறந்து திகதி போட்டேன்.
"பிழைக்கும்" என்றேன்.