ஒரு மூடித் தண்ணீர்

பாலைக்கென்று தனி நிலம் இல்லை என்று
பத்தாம் வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கினேன்.
இருக்கிறது.
திசையன்விளையிலிருந்து பஸ் போகிறது,
இருபத்திரண்டு ரூபாய்.

"இங்க யாரு வீட்டுக்கு?" என்றார் கண்டக்டர்.
பாசி பார்க்க என்றால்
ஏதாவது குளத்துக்கு வழி சொல்லியிருப்பார்.
சொந்தக்காரங்க என்றேன்.

ஆனிக் காற்று.
தேரி நேற்று நின்ற இடத்தில் இன்று இல்லை.
வேலிக்கு வைத்த உடைமுள் கழுத்துவரை புதைந்திருக்க
ஒரு பனை மட்டும்
வேரெல்லாம் வெளியே தெரிய நின்றது.

அதற்குக் கீழே, காற்று தோண்டிய பள்ளத்தில்
வெள்ளை வெள்ளையாய்க் கிடந்தன.
சில முழங்கை நீளம். சில பல்குச்சி.
கவை பிரிய வேண்டிய இடத்தில்
சரியாகக் கவை பிரிந்து.

மாடு தேடி வந்த தவசிக்கனி
"எலும்புல்லா அது, தொடாதிய" என்றார்.
"எந்தக் காலத்துச் சண்டையோ."
வேர் என்றேன்.
"வேருன்னா எரியணும்லா?"

நியாயமான கேள்வி.
அமிலப் புட்டியைப் பாளையங்கோட்டையில்
லேப் மேசைமேல் மறந்துவிட்டு வந்தவள்
பஸ்ஸில் குமட்டினால் மோந்து பார்க்க வைத்திருந்த
எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன்.

கல் சீறியது. மெல்ல,
சோடாவின் கடைசி நுரை போல.
அவர் குனிந்து காது வைத்தார்.
"உசிரு இருக்கோ?"

இல்லை. சுண்ணாம்பு.
எப்போதோ ஒரு வேர் இந்த மணலில் தண்ணீர் குடித்தது.
தண்ணீரோடு வந்த சுண்ணாம்பு உள்ளே போகாமல்
வேரைச் சுற்றி உறை கட்டியது.
பிறகு தண்ணீர் போயிற்று, வேரும் போயிற்று.
நடுவில் ஊசி நுழையும் அளவு ஓட்டை.
என்ன மரம், எத்தனை ஆயிரம் வருடம்,
எனக்குத் தெரியாது.
தாகம் போன வழி மட்டும் கல்லாகிக் கிடக்கிறது.

ஆனால் நான் வந்தது இதற்கில்லை.

வடக்குப் பக்கம் பார் என்பது
ஏதோ குளிர்நாட்டுப் பாடம்.
இங்கே ஆனியில் சூரியனே வடக்கில் நிற்கும்.
ஒன்றரை மணி நேரம் தவழ்ந்த பிறகு கிடைத்தது,
வேர்க்கற்கள் இறுகித் திட்டாகிப் போன
ஒரு பழைய மேட்டின் இடுக்கில்:
ஐந்து ரூபாய்க் காசு அகலம்,
தேயிலைத் தூள் சிந்தியது போலக் கறுப்பு.

"அழுக்கு" என்றார் தவசிக்கனி.

பாட்டிலில் ஒரு மூடித் தண்ணீர்தான் மிச்சம்.
மணி ஒன்றே கால். திரும்பும் பஸ் நாலரைக்கு.
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.
அவர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுக்கின்மேல் ஊற்றினேன்.

கோட்டி என்று அவர் வாய் சொல்லவில்லை.

எண்ணினேன். பத்து. இருபது.
முப்பதுக்குள் ஓர் இலை
(இலை என்பது அதற்குப் பெரிய சொல்)
முறுக்கு அவிழ்ந்தது.
பக்கத்தில் இன்னொன்று.
அப்புறம் எண்ணத் தேவைப்படவில்லை.
பச்சை.
தாமிரபரணி பாயும் வயலின் பச்சை இல்லை,
பித்தளைக் குழாயில் பூத்த களிம்பின் பச்சை.

தவசிக்கனி குத்தவைத்து உட்கார்ந்தார்.
தூரத்தில் மணிச்சத்தம் கேட்டது, அவர் மாடாகத்தான் இருக்கும்.
திரும்பவில்லை.
"இதுக்கு வேரு எங்க?"
இதுக்கு வேரே கிடையாது.
"பொறவு எப்பிடிக் குடிக்கி?"
உடம்பால.

பன்னிரண்டு நிமிடத்தில் காற்று
எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டது.
பச்சை ஓரத்திலிருந்து சுருண்டு
மறுபடி தேயிலைத் தூள்.
நோட்டில் குறித்தேன்: விழிப்பு முப்பது நொடி.
அடுத்த விழிப்பு ஐப்பசியிலோ
அதற்கடுத்த ஐப்பசியிலோ. அதைக் குறிக்கவில்லை.

தொடாமல் விட்டுவந்தேன் என்று எழுத ஆசைதான்.
பாதியைக் கத்தியால் வழித்து
உறையில் போட்டு, நாள் எழுதி, ஒட்டினேன்.
வேலை.

தவசிக்கனி ஒரு வெள்ளைத் துண்டைப் பொறுக்கி
தோள்துண்டில் முடிந்துகொண்டார்.
அடுப்பில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்,
எரிகிறதா என்று.