காம்பியோ

மிதவையில் மடிக்கணினிக்கு ஒரே முகவரி,
கடைசி எண் நாற்பத்தேழு.
சால்மன் கூண்டுக் கேமராக்கள்
அந்த எண்ணிடம் மட்டும்தான் வாய் திறக்கும்.

பதினான்கு நாள் ஷிஃப்ட் முடிந்து
கெயோனில், வீட்டில்,
யாஸ்னா மூடியைத் திறக்கிறாள்.
வைஃபை முழுசாய் எரிகிறது. ஒரு பக்கமும் வரவில்லை.
இங்கே இல்லாத வாசலைத்
தட்டிக்கொண்டே இருக்கிறது லினக்ஸ்.

கறுப்புத் திரையில் இரண்டு வரி:
மிதவையை இறக்கு.
வீட்டை ஏற்று.
ரூட்டர் ஒரு முகவரி தருகிறது,
ஒரு நாள் வாடகைக்கு.

சூப் ஆறுகிறது.
"உப்பை இப்படித் தள்ளு, காம்பியோ"
என்கிறாள் மகனிடம்.
வயர்லெஸ்ஸில் பேச்சை முடிக்கும் சொல் அது;
மாற்றம் என்றும் பொருள்.

எலியேசர் கரண்டியை வாயருகே பிடித்து,
தொண்டையில் கொஞ்சம் இரைச்சல் சேர்த்து:
"உப்பு கிளம்பிவிட்டது. காம்பியோ."